படிக்கட்டின் கீழே பச்சை வெளிச்சம்

இன்று காலை ஆய்வுக்கூடப் பையைத் துழாவியபோது உன் ஊதா விளக்கு கையில் தட்டுப்பட்டது. இருட்டில் பொத்தானைத் தேடி அலுத்துப்போய் அதன்மேல் நீ ஒட்டிவைத்த சிவப்புப் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. தொட்டதும் அழுகை வந்துவிட்டது. வேலைசெய்யும் இடத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும்.

லண்டனில், டூட்டிங்கிலும் ஹரோவிலும் பழைய ஈயக் குழாய் உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் சோதிக்க நாம் போன சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் செய்த தாள்பட்டையைக் குழாய்த் தண்ணீரில் தோய்த்து ஊதா ஒளியில் பிடிக்க வேண்டும். தண்ணீரில் ஈயம் இல்லையென்றால் பட்டை பச்சையாக ஒளிரும், இருந்தால் மங்கிவிடும். அதற்கு இருட்டு வேண்டுமே! படிக்கட்டின் கீழுள்ள அலுமாரிக்குள், சப்பாத்துகளுக்கும் வாக்குவம் கிளீனருக்கும் நடுவே, படித்த பெண்கள் இருவர் குந்தியிருப்போம்.

அதற்கு முன்னரே வீட்டுக்காரர் கிளாசில் தண்ணீர் நீட்டிவிடுவார்கள். நான் என் தண்ணீர்ப் போத்தலைக் காட்டித் தப்பிவிடுவேன். நீ மடமடவென்று குடிப்பாய்.

"எடியே, அதைத்தானே சோதிக்க வந்தனாங்கள்!" என்று ஒருநாள் உன் காதுக்குள் கடிந்தேன்.

"வீட்டுக்கு வந்தவைக்குத் தண்ணி தருகினம். வேண்டாம் எண்டால் அவையின்ர மனம் என்ன பாடுபடும்? ஒரு கிளாஸால ஒண்டும் வராது" என்றாய்.

அந்த வீட்டில் பட்டை மங்கியது. கைக்குழந்தையோடு நின்ற தாயிடம், "பிள்ளைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணி வேண்டாம் அம்மா" என்று நீதான் சொன்னாய். அவள் உடனே தலையாட்டினாள். போத்தல்காரி நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ தெரியாது.

பிறகு உன் சிறுநீரகங்கள் கைவிட, நீ போய்விட்டாய். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் உன் கணவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, டொக்டர்மார் காரணம் தெரியேல்லை எண்டினம். ஊர் முழுக்கத் தண்ணி பாத்தவ, எங்கட வீட்டைப் பாக்கேல்லை. எங்கட பைப்பில ஏதும் இருந்ததோ? நானும் கவனிக்காமல் விட்டிட்டனோ? ஒருக்காச் சோதிச்சுச் சொல்லுங்கோ."

உங்கள் படிக்கட்டின் கீழேயும் நானும் அவரும் குந்தினோம். தொங்கிக்கொண்டிருந்த உன் குளிர்க்கோட்டு என் தலையில் உரசியது. பட்டை பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது.

"ஈயம் இல்லை. நல்ல தண்ணி" என்றேன்.

ஆறுதலடைவார் என்று நினைத்தேன். அவரோ உன் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஏன் போனவ?" என்று கேட்டு அழுதார். ஈயத்தைக் காட்டும் பட்டை மட்டுந்தான் என்னிடம் இருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று அதே குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்துவந்தார். என் போத்தல் பைக்குள்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

இன்று ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டுக்குப் போகிறேன், தனியே. தண்ணீர் தந்தால் முதலில் வாங்கிக் குடிப்பேன். பிறகுதான் உன் பொட்டை அழுத்தி விளக்கைப் போடுவேன்.