என் சாவுக்கு வெடி வேண்டாம்

தம்பிக்கு,

உன்னோடு பேச்சை விட்டு இரண்டு வருசம் ஆகிறது. இனியும் பேசுவதாக இல்லை. அதனால்தான் கடுதாசி.

உன் பெண்சாதி சாவில் நீ வெடித்த சரவெடிக்கு, பாடை தூக்கி வந்த என் பேரன் லோகேசு, தோளை எடுத்துவிட்டு மீன் லாரிக்கு அடியில் புகுந்தான். காசிமேடே பார்க்க நீ கேட்டது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "இன்னாடா மிலிட்டரி, பட்டாசுக்கே இப்டி பூந்துகினியே, பார்டர்ல இன்னா புடுங்கினே?"

பார்டரில் கண்ணிவெடிக்குக் கூட்டாளியைப் பறிகொடுத்து வந்தவனடா அவன். இப்போது வாரா வாரம் மனசு டாக்டரம்மாவிடம் போய்ப் பேசுகிறான். பயம் தெளிய, போனில் வெடிச் சத்தத்தை மெதுவாக வைத்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அவன் அதைக் கேட்கும்போது நானும் பக்கத்தில் உட்காருகிறேன். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்துவிடுகிறது அவனுக்கு.

எனக்கும் உடம்பு ஓய்ந்துவிட்டது. நான் போனால் முதல் ஆளாக நீதான் வெடிக்கட்டோடு வருவாய். மேளம் அடித்துக்கொள். வெடி ஒன்றுகூட வேண்டாம். அவன் என்னைக் கடைசிவரை தூக்கி வர வேண்டும்.

அவனிடமும் இதைச் சொன்னேன்.

"ஆயா, அவசரப்பட்டு செத்துகினு போய்டாத. டாக்டரம்மா இப்பத்தான் ஒத்த வெடிக்கு வந்துகீறாங்கோ. சரவெடிக்கு டைம் வோணும்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அவனுக்காக இருந்து பார்க்கிறேன். முடியாமல் போனால், நீ வெறுங்கையோடு வா. அவனுக்குப் பக்கத்துத் தோள் நீ கொடு.

நீ கேட்டதை மறக்காத,
உன் அக்கா