குறுக்கே போகாத கால்

மே 3, செவ்வாய்

கலைச் சந்தைக் குழுவிடமிருந்து கடிதம். மத்தளம் கூடாது, நடனம் கூடாது. தீவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் தூக்கம் கெடுகிறதாம். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? மீறினால் அடுத்த வருடம் எங்கள் திருச்சபைக்கு இடமே கிடையாதாம். சந்தையின் பெயரோ ‘ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைவிழா’. நான் தகரத்தில் வரைந்த மீன்களை மட்டும் விற்கலாம். மீன் சத்தம் போடாது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மே 4

சித்தப்பா மகன் டெல்ஃபஸிடம் காட்டினேன். சிரித்தான்.

“மத்தளம் யாருக்கு வேணும், வெர்னெட்டா அக்கா? அடிமையா இருந்த நம்ம பாட்டன் பூட்டன்கிட்ட எசமானுங்க அதைப் பிடுங்கினப்பவே துடைப்பக் கட்டையைத் தரையில குத்தித் தாளம் போட்டாச்சு. காலைக் குறுக்கே போட்டாத்தானே நடனம்? நாம எங்க போடறோம்?”

உண்மைதான். திருச்சபையில் பாடிக்கொண்டே சுற்றிவரும் எங்கள் வட்டத்தில் பாதத்தை இழுத்து இழுத்துத்தான் நகர்வோம். குறுக்கே போனால் ஆட்டம்; ஆட்டம் பாவம். ஒன்பது வயதில் அந்தப் பாவத்துக்காகத்தான் என்னை வட்டத்திலிருந்து துரத்தினார்கள். அன்றிலிருந்து ஓரமாக நின்று கைதட்டுகிறேன்.

மே 6

லூவினியாவுக்கு இடுப்புப் பிடிப்பு. வட்டத்தில் ஓர் ஆள் குறைகிறது. எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள். ஐம்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் தனித்தனியாக முடிவெடுப்பவை.

“நீ சொதப்பினா எல்லாம் போச்சு, அக்கா,” என்றான் டெல்ஃபஸ். தைரியம் சொல்கிறானாம்.

மே 7, சனி

சந்தை நாள். குழுவின் மிஸ்டர் விட்கம் கடிதத்தோடு எதிரே வந்து நின்றார். டெல்ஃபஸ் பலகையில் கட்டையைக் குத்தினான்.

“நிறுத்துங்க. இது மத்தளம்.”

“துடைப்பங்க. வேணும்னா கூட்டிக் காட்டட்டுமா?”

“அப்ப இது நடனம்.”

“காலைப் பாருங்க. குறுக்கே போனா நாங்களே கடையைக் கட்டிடறோம்” — சொன்னது என் வாய். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மனுஷன் குனிந்தே விட்டார். ஏன் என் காலை மட்டும்? ஏழாவது சுற்றில் இடது கால் துள்ளப் பார்த்தது. அழுத்தினேன் பாரு — செருப்பின் அடி பிய்ந்தது, நான் நிற்கவில்லை. இறால் சோற்றுக்கு வரிசையில் நின்றவர்களெல்லாம் தட்டை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். புதுக் குடித்தனத்துப் பெண் ஒருத்தியும்.

விட்கம் தாளில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: மத்தளம் இல்லை, நடனம் இல்லை.

மே 8

முழங்கால்கள் என்னோடு பேசுவதில்லை. இருக்கட்டும்.

மே 19

அடுத்த வருடத்துக்கு இடம் உண்டு. கூடவே புது விதி: துடைப்பமும் கூடாது.

டெல்ஃபஸுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் போனவன், மாலையில் கனமான ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு வந்தான். காலில் ஒரு கீறல் கூட இல்லை.

“இன்னும் ஒரு வருஷம் இருக்கேடா,” என்றேன்.

“இப்பவே நொண்டினாத்தான் நம்புவாங்க.”