அழுதது என் பிள்ளை

புதன்கிழமை இரவு.

பனியன் கம்பெனியில் குழந்தைகளை விடும் அறையில் இன்று பாப்பா வீரிட்டு அழுதாள். ஓடிப்போய் மடியில் போட்டேன். மார்பு கல்லாகக் கனத்தது, ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. பக்கத்தில் தன் மகனோடு உட்கார்ந்திருந்த செல்விக்கோ பால் சுரந்து மேல்கோட்டு நனைந்துவிட்டது. அழுதது என் பிள்ளை!

செல்வி தூத்துக்குடிக்காரி. எனக்கு அடுத்த மிஷின். "யக்கா, நான் வேணா குடுக்கட்டா?" என்றாள்.

"வேண்டாங் கண்ணு, இப்ப வந்துரும்."

வரவில்லை. மணி அடித்ததும் அழுகிற பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு மிஷினுக்கு ஓடினேன்.

டாக்டரம்மா போன வாரமே சொன்னார்: "பாலை இறக்கிவிடறது மூளைதாங்க. வலியத் தாங்கறதுக்கு மூளையே அபின் மாதிரி ஒண்ணச் சுரக்கும். அது மிஞ்சினா பால் இறக்கற ஹார்மோனைத் தடுத்துரும்." இடுப்பு விட்டுப்போனாலும் ஒரு பீஸ் குறையாமல் தைப்பவள் என்று எனக்கு எத்தனை பெருமை! செல்வி சூப்பர்வைசர் கத்தினாலும் சிரிக்கிறாள். அவளுக்கு மட்டும் ஊற்றாகச் சுரக்கிறது.

சாயங்காலம் பாப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "நீங்க போனதும் செல்வி குடுத்துச்சுங்க, புள்ள பசி தாங்கலீங்க" என்றாள் ஆயா. செல்வியின் பக்கம் திரும்பாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் மடியில் என் பிள்ளை கிடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. எழுதும்போதே ரவிக்கை நனைகிறது. இப்போது வருகிறது!

பாப்பாவை எழுப்பி வாயில் வைத்தேன். வயிறு நிறைந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.