கடை விளக்கில் பார்த்த நியாயம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சித்தப்பாவின் தலைக்கனம் உட்பட. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடி ஏறி இறங்குகிறார், இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார். உன் சுகத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. அத்தனை பக்கம் எழுதியிருந்தாயே, அதில் உன் மனசு எவ்வளவு சுத்தம் என்பதைத் தவிர வேறு சேதியே இல்லை. உன் பெண்டாட்டி வேலை போனதை உன்னிடம் மறைத்துவிட்டாள், தினமும் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதுபோல் போய் வந்திருக்கிறாள், பொய் சொன்னவளோடு வாழ்வது சரியில்லை என்று உன் மனசாட்சி சொல்கிறது, ஆகவே பிரிந்துவிடத் தீர்மானித்து வக்கீலையும் பார்த்தாயிற்று. கடைசி வரியில் கடவுள் துணை இருப்பார் என்று வேறு. படித்துவிட்டுச் சிரித்தேன். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு முத்திரை குத்தக் கடவுளைக் கூப்பிடுகிறாய். அவர் என்ன உன் ஆபீஸ் பியூனா.

மனசாட்சி மனசாட்சி என்கிறாய், அந்தச் சரக்கு எனக்குப் புதிதில்லை, நம் வீட்டிலேயே அதற்கு ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார். போன மாதம் நான் கொள்முதலுக்குப் போயிருந்த நேரம் நம் துணிக்கடையில் ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை தைத்து அனுப்பினார்கள். மாட்டிப் பார்த்தால் ஜன்னலுக்கு ஒரு பக்கம் ஒரு நீலம், மறு பக்கம் வேறு நீலம். ஓட்டல்காரர் எல்லாவற்றையும் கழற்றி வந்து கல்லாப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போனார். உன் சித்தப்பா அதைப் பார்த்தார், தையல்கார அக்காவைப் பார்த்தார், நல்ல துணியைச் சுருட்டிவிட்டு மட்டத் துணியை வைத்துத் தைத்துவிட்டாள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார். அவள் நான் எடுக்கலைண்ணே, என் பிள்ளை மேல சத்தியம் என்று சொல்லியிருக்கிறாள். திருட்டு முழி எனக்குத் தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் வெளியே போகச் சொல்லியிருக்கிறார். நான் முதல் தையல் மெஷின் வாங்கிப் போட்ட நாளிலிருந்து அதில் உட்கார்ந்தவள் அவள், உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் வைத்தவள்.

நான் வந்து இரண்டு சீலையையும் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனேன், கடையில் மிச்சமிருந்த துணிச் சுருள்களையும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டும் நம் துணிதான். துணியின் நம்பர் ஒன்றேதான், சாயம் தோய்த்த தொட்டி வேறு வேறு, அதனால் நீலமும் வேறு. முதல் சுருள் போதாமல் போனதும் உன் சித்தப்பாவே இன்னொன்றை இழுத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிப் பார்த்து, ஒரே நிறம் என்று வெட்டிக் கொடுத்திருக்கிறார். துணிக்கடையில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும், கடை விளக்கில் நிறம் பார்க்கக் கூடாது என்று. வருகிறவர்களிடமெல்லாம் வாசலுக்குக் கொண்டு போய்ப் பாருங்கம்மா என்று பெருந்தன்மையாகச் சொல்கிற மனுஷர், தன் முறை வந்தபோது இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டால், அந்த நேரத்துல எனக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சேன் அண்ணி, என் மனசு சுத்தம் என்கிறார். சுத்தமாகத்தான் இருக்கும், புழங்காத பாத்திரம் என்றைக்கும் பளபளப்புதான். இத்தனைக்கும் தினமும் கடை திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கடவுள் முன்னால் நிற்பவர். கேட்க நிற்பதில்லை, சொல்லத்தான் நிற்கிறார். தையல்கார அக்கா வீட்டுக்கு நானே போனேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், நல்லபடியாகப் பேசினாள், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது எதிர்க்கடையில் தைக்கிறாள்.

உன் மனசாட்சியும் அந்த ட்யூப் லைட்தான் தம்பி. நீயே வாங்கினது, உன் வசதிக்கு மாட்டினது, உன் சரக்கு எடுப்பாகத் தெரிகிற மாதிரிதான் எரியும். நல்லது கெட்டது தெரியவேண்டுமென்றால் உன் கையில் சுவிட்ச் இல்லாத வெளிச்சத்துக்குப் போக வேண்டும். உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, அதை மறைப்பானேன். எனக்கு அவளைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். வந்த புதிதில் கடை நிறைய ஆள் இருக்கும்போது, இது சாயம் போகுமா அத்தே என்று கேட்டவள். போனால் போகட்டும், என் பிள்ளை சொல்வதுதான் நியாயம் என்று மனசு சொன்னது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சல்லிசாகக் கிடைக்கிற சரக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கும். தினமும் காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆண்டவனைக் கேட்டேன். அசரீரி ஒன்றும் வரவில்லை. முதலில் என் பேச்சே ஓயவில்லை, அவள் குறைகளையெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன். எல்லாம் தீர்ந்து வாய் ஓய்ந்த ஒரு காலையில், அவளை யாராவது கேட்டீர்களா என்ற ஒன்றுதான் மிஞ்சி நின்றது. எனக்குப் பிடிக்கவேயில்லை, அதனாலேயே இது என் சொந்தச் சரக்கு இல்லை என்று நம்பினேன். அவளுக்குப் போன் செய்தேன். அழுதாள். பிறகு, அவர்கிட்ட சொன்னா ஆறுதல் வராது அத்தே, தீர்ப்புதான் வரும், அதுக்குப் பயந்துதான் பஸ் நிலையத்துல உட்கார்ந்து வேற வேலை தேடினேன் என்றாள். பொய் பொய்தான், அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் சொந்த வீட்டுக்குப் பயந்து ஒருத்தி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நீ உன் சுத்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறாய்.

வக்கீல் நீட்டும் காகிதத்தில் இப்போது கையெழுத்துப் போடாதே. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார். எனக்கு எழுதியதை ஆண்டவனிடம் ஒப்பிக்காதே, அவருக்கும் படிக்கத் தெரியும். வெறும் கையோடு கேள். கேட்ட சூட்டிலேயே உனக்குப் பிடித்த பதில் வந்தால் அது நீ பேசியது, இன்னும் உட்கார். சித்தப்பாவிடம் யோசனை கேட்காதே. பையன் சரியாத்தான் முடிவு பண்ணியிருக்கான் என்று இங்கே சொல்லிக்கொண்டு திரிகிறார், உன் முடிவைச் சந்தேகப்பட அது ஒன்றே போதும். வேளாவேளைக்குச் சாப்பிடு, பட்டினி கிடந்தால் ஞானம் வந்துவிட்டதாகத் தோன்றும். அவளை நான் இங்கே வரச் சொல்லிவிட்டேன், நேற்று வந்து சேர்ந்தாள். உன் அறையைக் கொடுத்திருக்கிறேன். ஆசைப்பட்டுச் செய்யவில்லை, சொல்லப்பட்டதைச் செய்தேன்.

ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். அதற்கு முன்னால், அது உன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் புத்தியைக் கொடுக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், அவளும்தான்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா

மறந்துவிடாதே, அவள் படிக்கிற கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாளாம். தபாலில் அனுப்பினால் உடையும். நீயே கொண்டு வா.