சுவத்துல கை வெக்காத

இன்று காலை எலக்ட்ரீஷியன் புது அறையில் நின்றுகொண்டு, "சுவிட்சு எங்கம்மா வெக்கறது?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. என் வலது கை தானாக எழுந்து, கதவை ஒட்டி, தோள் உயரத்தில் போய் நின்றது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் நம் படுக்கையறை சுவிட்ச் இருந்த அதே இடம். அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். எனக்குத்தான் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த குவார்ட்டர்ஸில் என்னை ஓர் ஆணி அடிக்க விட்டிருப்பீர்களா? கல்யாணமாகி வந்த புதிதில் காலண்டர் மாட்டச் சுத்தியலை எடுத்தேன். மைன்ஸில் ஷிப்ட் முடித்து வந்த நீங்கள், சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கூடப் போடாமல் ஓடிவந்து, "சுவத்துல கை வெக்காத. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இருக்கப்போற வூடு" என்றீர்கள். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினேன். நீங்கள் ரிட்டயர் ஆகும்வரை காலண்டருக்கு அதுதான் இடம். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி உங்கள் மானத்தை வாங்குவேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நேரத்தில்தான், திருவதிகையில் என் அம்மா எனக்கு விட்டுப்போன வீட்டைப் பார்க்க வந்தோம். அம்மாவின் தாத்தா கட்டியது. சுண்ணாம்புச் சுவர், ஒரு கூடம், ஓர் அறை. மழைத் தண்ணீர் இறங்கி ஒரு பக்கம் காரை உதிர்ந்து கிடந்தது. பழசைப் பழுதுபார்த்து, பின்னால் ஓர் அறை சேர்த்துவிடலாம் என்று, கடப்பாரையால் மண்ணில் கோடு கிழித்தீர்கள். பார்த்தால், அச்சாக நம் குவார்ட்டர்ஸ் படுக்கையறை.

"நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்தா தடவிக்கினு நிக்காம லைட்ட போடணும்" என்றீர்கள்.

"ரிட்டயர் ஆனப்புறம் எந்த ஷிப்டுக்குப் போவப்போறீங்க?" என்றேன்.

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கோட்டை மாற்றவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு நீங்கள் இல்லை.

நம் பையன், "இடிச்சிட்டு மாடி வெச்சிக் கட்டிடலாம்மா. இந்தச் சுவர நம்பி யார் இருக்கறது?" என்றான். பயந்துதான் சொன்னான். நானும் சரி என்றேன். ஆனால் மேஸ்திரி வந்து கடப்பாரையை ஓங்கியதும் என் வாயிலிருந்து வந்தது உங்கள் பேச்சு.

"சுவத்துல கை வெக்காத."

வயதில் மூத்தவரை ஒருமையில் சொல்லிவிட்டேன். அவர் கடப்பாரையை இறக்கினார். பையன் என் பக்கம் திரும்பி, "அப்பா மாதிரியே சொல்ற" என்றான். பிறகு அவனே அலைந்து, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைக் கூட்டிவந்தான். இப்போது பழைய சுவர் திடமாக நிற்கிறது. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உங்கள் அறையும் எழும்பிவிட்டது.

சாயங்காலம் உங்கள் படத்தையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு பையன் வந்தான். "இப்ப நம்ம வூடுதானம்மா. எங்க அடிக்கட்டும்?"

எத்தனை வருஷமாக ஆசைப்பட்ட ஆணி. சுவரைத் தடவிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அவன் இருப்பான், அவன் பிள்ளைகள் இருப்பார்கள். நாளைக்கு வேறு ஒருவர் வந்து இருக்கப்போகிற வீடுதானே இதுவும்.

ஆணியை வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்கள் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறீர்கள்.