முடிச்சுப் போட்ட இசாலே இலை

தார் எஸ் சலாம்
11 ஜனவரி 1988

பிரியமுள்ள ஃபெலிஸ்தாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவள், உன் வீட்டில் ஒரு வாய் வாழைக் கள்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். நாம் இரண்டு பேரும் கிலேமாவுக்கு மருமகள்களாக வந்து முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. மனசு ஆறவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்?

எங்கள் வாசற்கல்லிலிருந்து இசாலேச் செடி வேலிவரை நாற்பது தப்படி என்று என் மாமனார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் நடந்து பார்த்தார். முப்பத்தேழுதான் வருகிறது. மீதி மூன்று தப்படி உன் பக்கம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த உன் பாஸ்கால்தான் வேலியைத் தள்ளி நட்டுவிட்டார் என்கிறார் இவர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கிளெமென்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவனுக்கு வீடு கட்ட அந்த இடம் வேண்டும்.

உன் மகள் ஹைக்கா அங்கேதான் படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? "கல்லறைக் கல்லையெல்லாம் மரியாதையா எடுத்து அந்தப் பக்கம் வச்சுக்கட்டும்"னு இவர் சொல்கிறார். மார்ச் கடைசியில் பெரியவர்கள் வந்து வேலியைப் பார்ப்பார்கள். கோபப்படாதே.

அன்புடன்,
மன்கா


கிலேமா
2 பிப்ரவரி 1988

மன்கா,

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறாய். வேறென்ன செய்யட்டும், கும்மி அடிக்கவா?

மரியாதையாக எடுத்து வைப்பாராமா? அவள் என்ன சட்டிபானையா? நாலு வயசில் தட்டம்மையில் போன பிள்ளை. மறந்துவிட்டாயா? அவளைப் புதைத்த வாரம்தான் உனக்குக் கிளெமென்ஸ் பிறந்தான். பிள்ளை பெற்ற வீட்டைவிட்டு நீ வெளியே வரக் கூடாது. நான்தான் அழுத முகத்தோடு கஞ்சி கொண்டு வந்தேன். "நீ சாப்பிடலேன்னா நானும் சாப்பிட மாட்டேன்டி" என்றாய். ஒரே கிண்ணத்தில் இரண்டு பேரும் குடித்தோம். அந்த மன்காவா இந்தக் கடிதத்தை எழுதினாள்?

என் பாஸ்கால் அடுத்தவன் வாழைக்குலையைக்கூட நிமிர்ந்து பார்க்காத மனுஷன். நாம் மருமகளாக வந்த அன்றே வேலி அங்கேதான் நின்றது. இசாலே சாட்சி சொல்லும். பெரியவர்கள் தாராளமாக வரட்டும்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். கிளெமென்ஸுக்கு மட்டும் சொல்லு.

ஃபெலிஸ்தா


கிலேமா
14 மார்ச் 1988

என் மன்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. காப்பிச் செடிகளுக்குள் தண்ணீர் தேங்குகிறதே என்று கால்வாய் வெட்டினேன். வேலிக்கு என் பக்கம் மூன்று தப்படி உள்ளே, மண்ணுக்கடியில் பழைய இசாலே அடிக்கட்டைகள். ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக. யாரும் பார்க்கவில்லை. வாழைச்சருகைப் போட்டு மூடிவிட்டேன். இரண்டு நாள் மூடியே வைத்திருந்தேன், மன்கா. உன்னிடம் மறைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பாஸ்காலின் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அட, அது பாஸ்காலோட கன்னுக்குட்டிப் பட்டிம்மா! மன்காவோட மாமனார்தான் 'இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோடா'ன்னு இடம் விட்டாரு. பச்சை இசாலேக் கம்பா வெட்டி ஊனினான், எல்லாம் துளிர்த்துடுச்சு. பழைய வேலி பட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு, மாடு மிதிச்சே தீர்த்துடுச்சு. மாட்டை வித்தப்புறம் துளிர்த்ததே வேலின்னு ஆயிடுச்சு, பாஸ்காலே மறந்துட்டான். அப்ப மன்காவோட புருஷன் கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். யாரு கேட்டா?"

அவ்வளவுதான். பட்டிக் கம்பை எல்லை என்று நம்பி, உங்கள் நிலத்தில் என் பிள்ளையைப் புதைத்திருக்கிறோம். மூன்று தப்படியும் உங்களுடையது. பெரியவர்கள் முன்னால் நானே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்லை எடுக்கிற அன்றைக்கு வேறு யாரும் தொட வேண்டாம். நானே எடுக்கிறேன்.

பஸ் கண்டக்டரிடம் இசாலே இலை ஒன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். மன்னித்துக்கொள்.

உன் ஃபெலிஸ்தா


தார் எஸ் சலாம்
25 மார்ச் 1988

என் கண்ணான ஃபெலிஸ்தாவுக்கு,

இலை வந்து சேர்ந்தது. பஸ்ஸில் கசங்கியிருந்தாலும் முடிச்சு அவிழவில்லை. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அதைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "இதை ஏன் அனுப்பினா? அந்தச் செத்த மனுஷனை நான்ல திருடன்னேன். நான்ல அனுப்பியிருக்கணும்" என்றார். முடிச்சுப் போட்ட இலை கைக்கு வந்தபிறகு கோபத்தை வைத்துக்கொள்ள மலையில் பிறந்த யாருக்கு முடியும்? மறுநாள் காலையில் பென்சிலை எடுத்து, கிளெமென்ஸ் வீட்டுச் சமையலறையை மேல் பக்கம் திருப்பி வரைந்துவிட்டார். இந்த யோசனை முதலிலேயே வந்திருந்தால் என்னவாம்?

பெரியவர்கள் வரட்டும், நாங்களும் வருகிறோம். கள்ளை ஊற வை, இந்தத் தடவை குடிக்காமல் போக மாட்டேன்.

அந்த மூன்று தப்படி எங்களுடையது என்று எழுதியிருக்கிறாய். ஒப்புக்கொள்கிறேன், எங்களுடையதேதான். அதனால் அந்த உரிமையோடு சொல்கிறேன், கேட்டுக்கொள். அதில் ஒரு கல்லையும் நீ தொடக் கூடாது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். அவரவர் மண்ணில் அவரவர் பிள்ளைகள்தான் படுத்திருப்பார்கள். எங்கள் மண்ணில் இருபத்துமூன்று வருஷமாகப் படுத்திருக்கிறவள் எங்கள் பிள்ளை இல்லாமல் வேறு யார்? நீ எப்போது வேண்டுமானாலும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு. நாங்களும் வந்துபோக, பட்டிக் கம்பில் நாலைப் பிடுங்கி வழி விடச் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்தன்று கிளெமென்ஸ் முதலில் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவான். அவனுக்குக் கூடப்பிறந்தவள் யாரும் இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேனடி. இனிமேல் ஒரு அக்கா இருக்கிறாள் என்று சொல்வேன்.

உன் மன்கா