கைப்பிடியின் உயரம்

ஆவணி 8, ஞாயிறு

கண்மாய்க்கரைத் தோட்டத்தில் படகுத்துறை வேலை இன்று முடிந்தது. கைப்பிடிக் கம்பியை வெல்டிங் வைத்ததும் தோட்டத்துச் சொந்தக்கார ஐயா பிடித்துப் பார்த்தார். குனிய வேண்டியிருந்தது. மூட்டுவலிக்கார மனைவிக்காகக் கேட்டிருந்தார். அந்த அம்மாவையே நிற்கவைத்து, நூலில் முடிச்சுப் போட்டு எடுத்த அளவு அது.

"ஒசத்தித் தரட்டாய்யா?" என்றேன்.

"வேணாம்ப்பா. அவ ஒசரத்துலயே இருக்கட்டும்."

ஒரு வார வேலைதான். ஆனிக் கடைசியிலேயே ஆரம்பிக்கச் சொன்னார்கள். நான்தான் ஆடி கழியட்டும் என்றேன்.

"ஆடி என்னய்யா செய்யும்? தண்ணிக்குள்ள காலை விட்டு உக்காரணும் எனக்கு" என்றார் அந்த அம்மா. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பலகையில் உட்கார்ந்தார். நான் மெஷினை வண்டியில் ஏற்றிக் கிளம்பும்வரை காலை மடித்தே வைத்திருந்தார். தண்ணீரில் விடவில்லை.